தோளில் கேட்டால் மணிக்கட்டில் பதில்

"அவன்ட்ட என்னத்தவே கேக்கீரு? எங்கிட்ட கேளும்."

இதைச் சொன்ன மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். ஒரு கெட்டவர் சொல்லியிருந்தால் மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்த ஆளின் முதுகைப் பார்க்கப் போயிருப்பேன். சொன்னவர் தம்பி மேல் உயிரையே வைத்திருந்த ஓர் அண்ணன்.

நான் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மிச்சப் படிப்பெல்லாம் என் பலகையில் குப்புறப் படுத்தவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான். எண்ணெய் உள்ளே இறங்க இறங்க மனுசனுக்கு வாய் இளகிவிடும். டாக்டர், வாத்தியார், வக்கீல், லீவில் வந்திருக்கிற கடையநல்லூர் துபாய்க்காரர் எல்லாரும் இடுப்பில் ஒரு துண்டோடு படுத்துவிட்டால் ஒரே ஜாதிதான். பேச்சுவாக்கில் நல்லதாக ஒன்று விழுந்தால் எடுத்து வைத்துக்கொள்வேன். சீசனுக்கு நாலு தடவை வருகிற ஒரு மதுரைக்காரரிடம் ஏன் இத்தனை தடவை வருகிறீர்கள் என்று கேட்டேன். "இங்க அருவி மட்டுந்தான் தலையில அடிக்கும். வீட்ல எல்லாரும் அடிப்பாங்க" என்றார்.

முன்பு அருவிக்கரையிலேயே தேய்ப்போம். இப்போது அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் ஆகாது என்று தடை வந்துவிட்டது. வந்ததும் நல்லதுதான். நாங்கள் லாட்ஜுகளின் பின்பக்கத்துக்கு மாறிவிட்டோம். தேய்த்து, அங்கேயே சீயக்காய் போட்டுக் குளிக்க வைத்து, பிறகுதான் அருவிக்கு அனுப்புவது.

புது இடத்தில் கை வைக்கும் முன் கேட்டுக்கொள்வது என் வழக்கம். "தோளுக்கு வரட்டுமா? தலைக்கு வைக்கட்டுமா?" கூடத் தொழில் செய்கிற ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: "நீரு எண்ணெய் தேய்க்கீராவே, இல்ல தாலுகா ஆபீஸ்ல மனு வாங்குதீரா?" சிரிக்கட்டும். வாய் சரி என்று சொல்லும், தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிப்போய் நிற்கும். அதைக் கைதான் கண்டுபிடிக்கும். கை கண்டுபிடித்தும் நிற்காமல் போகிற இடம் உண்டு என்று எனக்குத் தெரியவந்தது அந்தச் சீசனில்தான்.

சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஆடி மாதம். லாட்ஜ் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். பின்பக்கம் போனால் இரண்டு பேர் நின்றார்கள். மூத்தவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், சங்கரன்கோவிலுக்கு வடக்கே வயலும் தோப்பும் வைத்திருப்பவர். இளையவருக்கு நாற்பது இருக்கும், அரசாங்க சர்வேயர். ஆறேழு மாதமாக வேலைக்குப் போகவில்லை. சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசவில்லை. இவ்வளவையும் அண்ணன்தான் சொன்னார், தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, வாசலில் நிறுத்திய வண்டியைப் பற்றிச் சொல்வதுபோல.

"டாக்டர்ட்ட காமிச்சாச்சு. மாத்திரையும் திங்கான். ஆனா எங்க பக்கம் எல்லாரும் சொல்லுதாவ, குத்தாலத்துல தலைக்கு எண்ணெய் வச்சு, பத்து நாளு அருவியில நிப்பாட்டுனா பித்தம் எறங்கிரும்னு. எங்க குடும்பத்துலயே ஒருத்தரு இங்கன வந்துதான் சொகமானாரு."

சொல்லிக்கொண்டே தம்பியின் சட்டைப் பொத்தானைக் கழற்றினார், சட்டையை மடித்துக் கொடியில் போட்டார். டீ வந்தபோது ஊதி ஆற்றி, தொட்டுப் பார்த்து, தம்பி கையில் கொடுத்தார். இவர் மேல் எப்படிக் கோபப்படுவது, சொல்லுங்கள்.

தம்பியை ஸ்டூலில் உட்காரவைத்துத் தோளில் எண்ணெய் ஊற்றினேன். "சார், தலைக்கு வைக்கட்டுமா?" என்று கேட்டேன். பதில் இல்லை. அப்போதுதான் அண்ணன் அதைச் சொன்னார். அவனிடம் என்ன கேட்கிறீர், என்னிடம் கேளும் என்று. "வையும். தலைக்குத்தான் முக்கியம்."

வைத்தேன். பாதி உச்சி நனைந்திருக்கும். கீழேயிருந்து ஒரு குரல் வந்தது, ஆபீஸில் மேசைக்கு அந்தப்புறம் இருந்து பேசுகிற மாதிரித் தெளிவாக.

"தலைக்கு வேண்டாம்."

என் கை நின்றுவிட்டது. அண்ணன் சிரித்தார். "பாசஞ்சர் வண்டி இப்பத்தான் ஸ்டேசனுக்கு வந்திருக்கு. நீரு நிறுத்தாதயும். தேயும்."

தேய்த்தேன்.

எழுதும்போது ஒரே வார்த்தையாக எவ்வளவு லேசாக இருக்கிறது. என் கைக்குக் கீழே அந்தத் தலை ஆமையைப்போல உள்ளே போகப் பார்த்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் கயிறு திரித்ததுபோல நரம்பு நின்றது. அவர் என் கையைத் தட்டிவிடவில்லை, எழுந்திருக்கவில்லை. சொன்ன ஒரு வார்த்தைக்கு இதுதான் மரியாதை என்று தெரிந்தபிறகு அடுத்த வார்த்தை எதற்கு என்று இருந்துவிட்டார். வேண்டாம் என்றவர் தலையில் இரண்டு உள்ளங்கை எண்ணெயை அரக்கித் தேய்த்த ஆள் நான்தான். அண்ணன் மேல் உள்ள கோபத்தில் பாதியை நான் எடுத்துக்கொள்ள வேண்டும், தெரியும்.

பிறகு லாட்ஜில் வேலை பார்க்கிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அருவிக்குப் போனார்கள். திரும்பி வரும்போது அண்ணன் முகம் மலர்ந்திருந்தது.

"சத்தம் போட்டான்வே! ஆறு மாசத்துல மொதத் தடவயா வாயத் தொறந்து சத்தம் போட்டிருக்கான். எறங்க ஆரம்பிச்சிட்டு."

பிடித்து அழுத்தினால் ஆடுகூடத்தான் சத்தம் போடும். இந்த மனிதருக்கு அது குணமாகிற சத்தமாகக் கேட்டிருக்கிறது. தம்பி ஈரத்துண்டோடு சுவரைப் பார்த்து நின்றார்.

மறுநாள் சட்டையைக் கழற்றியபோது பார்த்தேன். இரண்டு புஜத்திலும் விரல் பதிந்திருந்தது. இந்தப்பக்கம் நாலு, அந்தப்பக்கம் பெருவிரல் ஒன்று, நீலம் பாரித்து. விரல் பதிவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்ன அண்ணாச்சி இது?"

"பிடிக்காம எப்படிவே? ஓடிருவாம்லா."

அன்றைக்குத்தான் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டது. தோளில் கை வைக்கும்போது, "வலிக்கா சார்?" என்று மெதுவாகக் கேட்டேன். கேட்டுவிட்டு என்பாட்டில் நீவிக்கொண்டே இறங்கினேன். புஜம், முழங்கை, முன்கை. மணிக்கட்டுக்கு வந்தபோது, "வலிக்கி" என்றார். அடுத்த கையில் வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தேன். "ஊர்ல மழை உண்டா சார்?" தோளில் கேட்டேன். மணிக்கட்டில் பதில் வந்தது: "தூத்தல்தான்." அந்த நேரத்துக்குள் அண்ணன் மூன்று பதில் சொல்லி முடித்து, தென்னைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதுவரை போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. இந்த மனிதர் பேசாமல் இல்லை. பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு கையை நீவி இறக்குகிற நேரம் பொறுக்க ஆறு மாதமாக ஒருத்தருக்கும் முடியவில்லை. தாங்கள் பொறுக்காததை நோய் என்று அவர் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் எனக்கு வழக்கமாக வருகிற ஒரு வக்கீல் வந்தார். இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். ஆளும் பேரும் சொல்லவில்லை.

"சட்டம் என்னய்யா சொல்லுது? மூளைக்குச் சொகமில்லன்னா அவன் சம்மதத்துக்கு மதிப்பு கெடையாதா?"

வக்கீல் தலையைத் தூக்காமலே பேசினார். "நோய் வந்துட்டுன்னு ஒருத்தன் வாயப் பறிமுதல் பண்ண முடியாதுவே. சொல்லுதது அவனுக்கு வெளங்குதா, வெளங்கினத வச்சு ஒரு முடிவு சொல்ல முடியுதா, அதத்தான் சட்டம் பாக்கும். முடியுதுன்னா அவன் சொல்லுததுதான் சொல்லு."

"முடியலன்னா?"

"அப்பவும் கேக்காம இருக்கலாம்னு யாரு சொன்னா? பத்து வயசுப் பிள்ளைக்கு ஆபரேசன். பிள்ளை சரின்னா அது காகிதத்துல செல்லாது, அப்பன் கையெழுத்து வேணும். ஆனா நல்ல டாக்டரு அந்தப் பிள்ளைட்டயும் உக்காந்து சொல்லுவாரு. கையெழுத்து அப்பன்ட்ட, தலையாட்டல் பிள்ளைட்ட. ரெண்டையும் வாங்குவாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "செல்லாத சம்மதத்தையும் கேட்டு வாங்குதான் பாரும், அவன்தான்வே மனுசன். மேல அழுத்தும், அங்கனதான் வலி" என்றார்.

செல்லாத சம்மதம். அந்த வார்த்தையை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணனே வந்து பலகையில் படுத்தார். பட்டாளத்தில் விழுந்து அடிபட்ட முழங்கால். சும்மா விரலை வைத்தேன். "மெள்ளவே, மெள்ள!" என்றார். என் கை தன்னால் மேலே வந்துவிட்டது. யோசிக்கக்கூட இல்லை. அவருடைய வேண்டாம் ஒரு நொடியில் என் கையைத் தூக்கிவிடுகிறது. அவர் தம்பியின் வேண்டாம் ஒரு தலை முழுக்கத் தேய்த்து முடித்தபிறகும் போய்ச் சேரவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் பிறந்த வாய்கள்தான், ஒரே தமிழ்தான். எங்கே பிசகியது என்று நினைத்துக்கொண்டே பிடித்தேன். "என்னவே, பிடி தளருது?" என்றார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அண்ணனுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே முன்பக்கம் போனார். எனக்கு நேரம் கிடைத்தது. தம்பி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"சார், இன்னிக்கு என்ன செய்யணும்? நீங்க சொல்லுத மாதிரிச் செய்வோம்."

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கையில் வேலை இருந்தால் பொறுப்பது சுலபம். சும்மா உட்கார்ந்து ஒருத்தர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியம் இல்லை. ஒவ்வொரு நொடியும், 'தலைக்கு வேண்டாம்தானே?' என்று நாமே எடுத்துக் கொடுக்க நாக்கு வந்துவிடும். கடித்துக்கொண்டு இருந்தேன்.

"கைக்குப் போடுங்க" என்றார். "முதுகுக்கும். தலைக்கு வேண்டாம்."

"அருவிக்கு?"

பக்கத்து லாட்ஜில் தண்ணீர் மோட்டார் ஓடி நின்றது.

"தண்ணிக்குப் பயமில்ல. ஆளு பிடிச்சு அழுத்துதது வேண்டாம்."

இதைவிடத் தெளிவாக எந்த மனுசன் பேசுவான்? எல்லை போட்டுக் கல் நட்டதுபோலச் சொன்னார். எது வேண்டும், எது வேண்டாம், எங்கே பிரிகிறது. அவர் தொழிலே அதுதானே.

அண்ணன் வந்தார். சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"அவன் சீக்குக்கு அவனே வைத்தியம் சொல்லுதானா? நல்லாருக்குவே."

"வைத்தியம் சொல்லல அண்ணாச்சி. பிடிக்காதீங்கன்னு சொல்லுதாரு."

"உம்ம வேல தேய்க்கது. பேசுததுக்கா உம்மக் கூப்ட்டோம்?"

"தலைக்கு நான் வைக்கமாட்டேன்."

"ஊருபட்ட ஆளு இருக்காம்வே தேய்க்கதுக்கு." பிறகு குரல் இறங்கிவிட்டது. "போன்ல யாருன்னு நெனைக்கீரு? எங்கம்மா. தெனமும் வாசப்படியில உக்காந்து, இவன் பழையபடி வேலைக்குப் போயி வாற பைக் சத்தம் எப்ப கேக்கும்னு பாக்கா. அவட்ட போயி, ஒம்மவன் வேண்டாம்னுட்டான், நான் கூட்டிட்டு வந்துட்டேன்னு சொல்லவா?"

ஆனாலும் அந்த அம்மா எதிர்பார்க்கிற சத்தம் புஜத்தில் நீலம் பாரித்த மகனுடைய சத்தமாக இருக்காது என்று தோன்றியது. இரண்டு வாடிக்கைக்காரர்களைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டு நானும் கூடவே அருவிக்கு நடந்தேன்.

பேரருவியில் நல்ல கூட்டம். ஆண்கள் பக்கம் வரிசை பாலம் வரைக்கும் நின்றது. ஒரு போலீஸ்காரர் விசில் ஊதி ஊதி ஆட்களை உள்ளே விட்டு வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. லாட்ஜ் ஆட்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு புஜத்தில் கையைப் போட்டார்கள். சரியாக அதே இடத்தில். தம்பியின் கால் ஈரப்பாறையில் ஊன்றிக்கொண்டது. அவர்கள் இழுத்தார்கள்.

"விடுங்கலே!" என்று கத்தினேன். அருவிச் சத்தத்தில் எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. "வேண்டாம்னு சொல்லுதாருல்லா!"

"யாரு சொன்னா? அவன் வாயே தொறக்கல" என்றார் அண்ணன்.

வரிசையில் சத்தம் கிளம்பியது. "ஏலே, குளிக்கதுன்னா குளிங்க, இல்ல வழிய விடுங்க!" "மருமவன மறுவீட்டுக்கா கூப்பிடுதீங்க, இவ்வளவு நேரமா?" சிரிப்பு. போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வந்தார்.

"என்ன பிரச்சின இங்கன?"

"ஒண்ணுமில்ல சார். தம்பிக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல. குளிப்பாட்டுதோம்" என்றார் அண்ணன்.

"சார், அவர்ட்டயே கேளுங்க" என்றேன்.

போலீஸ்காரர் நல்ல மனுசன். தம்பியைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, குளிக்கீங்களா?" என்றார். இரண்டு நொடி பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "பேசமாட்டாரா?"

"பேசுவாரு சார். கொஞ்சம் பொறுங்க. இப்ப வரும்."

"பின்னால எரநூறு பேரு நிக்கான்வே."

"நிக்கட்டும் சார். ஒரு நிமிசம்."

அந்த நிமிஷம் நின்றோம். வரிசையில் கூச்சல். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சாரல் எல்லார் முகத்திலும் அடித்தது. நான் தம்பியின் உதட்டையே பார்த்தேன். உள்ளுக்குள் ஒரு ஆசை ஓடிக்கொண்டிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்: 'கையை விடச் சொல்லுங்க, நானே போவேன்' என்று சொல்லிவிட்டு அவர் நேராக நடந்துபோய் அருவிக்குக் கீழே நிற்க வேண்டும். அண்ணன் வாயைப் பிளக்க வேண்டும். பார்த்தீரா, நான் சொன்னேனே என்று நான் நிமிர வேண்டும்.

அவர் தன் புஜத்தில் இருந்த கையைப் பார்த்தார். பிறகு போலீஸ்காரரைப் பார்த்தார்.

"இன்னிக்கு வேண்டாம்."

போலீஸ்காரர் விசிலால் வெளியே காட்டினார். "வேண்டாங்காருல்லா? கையை எடுங்கப்பா. கூட்டிட்டுப் போங்க." அடுத்த ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. படிக்கட்டில் ஏறும்போதுதான் உறைத்தது. எனக்கு ஏன் சப்பென்று ஆக வேண்டும்? அவர் பதிலை அவருக்கு முன்னால் நான் எழுதி வைத்திருந்தேன். அண்ணன் ஒரு பதில் எழுதி வைத்திருந்தார், நான் வேறொன்று. எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லட்டும் என்று காத்திருப்பதற்குப் பெயர் கேட்பது இல்லை. வக்கீல் சொன்னதற்குமேல் அன்றைக்கு நான் படித்தது இவ்வளவுதான், அதுவும் வெட்கப்பட்டுப் படித்தது.

"ஜெயிச்சிட்டீருல்லா?" என்றார் அண்ணன்.

மறுநாள் விடிந்ததும் அறையைக் காலி செய்கிறார்கள் என்று மேனேஜர் சொன்னார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பத்து நாள் அறை நாலு நாளில் போனால் அவர் பார்க்கத்தான் செய்வார். நான் முன்பக்கம் போனபோது வாடகைக் கார் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி ஏற்றியாகிவிட்டது. தம்பி பின் சீட்டில் ஜன்னலோரம் இருந்தார். அண்ணன் முன் கதவில் கை வைத்துக்கொண்டு திரும்பி, "என்னலே, ஊருக்குப் போவமா? இல்ல, இருப்பமா?" என்றார்.

கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளில் அவர் தம்பியிடம் கேட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கேட்ட கையோடு உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கேட்டாகிவிட்டது, கடமை முடிந்தது. டிரைவர் கியரைப் போட்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் தம்பியின் உதடு அசைந்தது.

வண்டி நகர்ந்தது. நான் ஓடிப்போய் முன் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினேன், உடைந்துவிடுகிற மாதிரி. டிரைவர் பிரேக் போட்டுத் திட்டினார். கண்ணாடி இறங்கியது.

"என்னவே இன்னும்?"

"அண்ணாச்சி, கேட்டீங்கல்லா! பதிலு வந்திருக்கு. பின்னால திரும்பிப் பாருங்க."

திரும்பினார். "என்னலே சொன்ன?"

மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும் அது. டிரைவர் ஸ்டியரிங்கில் விரலைத் தட்டினார். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அண்ணன் வாயைத் திறந்தார், நான் ஜன்னல் வழியாக அவர் தோளில் கையை வைத்து அழுத்தினேன். மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"ரெண்டு நாள் இருப்போம்" என்றார் தம்பி. "சும்மா."

"சும்மாவா? ரூமக் காலி பண்ணியாச்சேலே."

"ரூம் சாவி இன்னும் மேனேஜர் மேசமேலதான் கெடக்கு!" என்றேன். "கேட்டாக் குடுப்பாவ. நீங்க கேக்கணும், அவ்வளவுதான்."

அண்ணன் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். அவர் தம்பி பக்கம் திரும்பி, "சும்மா இருந்து என்னலே செய்வ?" என்றார். இந்தத் தடவை வாயை அவராகவே மூடிக்கொண்டார். ஆட்டோக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பொறு என்று காட்டினார். டிரைவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.